கதவு வரிக்காகக் கதவை உடைக்கலாமா?

“ஆஸ்ட்ரோ கட்டப் பணம் இருக்கிறது, தீபாவளிக்குப் பட்டாசு வாங்கப் பணம் இருக்கிறது, வீட்டு வரி கட்ட மட்டும் பணம் இல்லையா?”

அன்பர்களே, இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், கோயில் அன்னதான வரிசையில், ஏன், சில வேளைகளில் எங்கள் ஆசிரியர் அறையிலும்கூட இக்கேள்வி எழுவதுண்டு. நகராண்மைக் கழக அதிகாரிகள் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும் படம் நாளேட்டில் வந்துவிட்டால் போதும். கேட்பவர்கள் வேற்றார் அல்லர், நம்மவர்களே. படித்து, பணியில் அமர்ந்து, சொந்தமாகத் தரைவீடு வாங்கி, மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம் போக மிச்சம் காண்பவர்கள். அவர்களுக்கு மறுமொழி கூறவே இதனை எழுதுகிறேன். ‘அரசு ஊழியர் இதையெல்லாம் எழுதலாமா’ என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். அச்சிட்டு விற்கப்படும் சட்டத்தைப் படித்து அதிலுள்ளதைச் சொல்வது குற்றமாகாது என்பது என் துணிபு.

முதலில், இந்த வரி எது என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். மலாயில் மக்கள் ‘சுக்காய் பிந்து’ என்கிறார்கள். நேர்ப்பொருள் கதவு வரி. சட்டத்தில் அதன் பெயர் மதிப்பீட்டு வரி. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆம் எண் சட்டம், இதற்கு அடிப்படை. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என மதிப்பிட்டு, அதில் ஒரு விழுக்காட்டை ஊராட்சி மன்றம் வரியாக விதிக்கிறது. ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம் வகுத்த உச்சவரம்பு. குடியிருப்பு வீடுகளுக்கு நடைமுறையில் அதைவிட மிகக் குறைவாகவே விதிக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு தவணை. பிப்ரவரி இறுதிக்குள் ஒன்று, ஆகஸ்டு இறுதிக்குள் ஒன்று. அந்நாளைத் தாண்டினால் அது நிலுவை.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 400 வெள்ளி வாடகைக்குப் போகக்கூடிய ஒரு மலிவு விலை வீடு. ஆண்டு மதிப்பு 4,800 வெள்ளி. வரி விகிதம் 6 விழுக்காடு என்று கொண்டால் ஆண்டுக்கு 288 வெள்ளி, அரையாண்டுக்கு 144 வெள்ளி. நான்காண்டுகள் கட்டாமல் விட்டால் 1,152 வெள்ளி. அதன்மேல் அறிவிப்புக் கட்டணம், வாரண்டுக் கட்டணம் ஆகியவை ஏறும்.

“அரையாண்டுக்கு 144 வெள்ளி ஒரு தொகையா?” என்பீர்கள். எனக்கும் உங்களுக்கும் அது பெருந்தொகை அன்று. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, போனால் கையில் 1,513 வெள்ளி. சொக்சோ பிடித்தம் தனி. இத்தொகையில்தான் வீட்டுத் தவணையோ வாடகையோ, மோட்டார் சைக்கிள் தவணை, அரிசி, மின்சாரம் எல்லாம். எங்கள் பள்ளிப் பெற்றோர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டபோது மக்கள் நகர்ப்புறத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். தமிழ்ப்பள்ளி பல இடங்களில் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. பக்கத்திலுள்ள தேசியப் பள்ளிக்குப் பிள்ளை நடந்தே போகலாம். தமிழ்ப்பள்ளிக்கு வேன் வேண்டும். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு பேருக்கும் வேன் கட்டணம். ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்று மேடையில் முழங்குகிறோமே, அந்த முழக்கத்தின் விலையை ஒவ்வொரு மாதமும் கட்டுகிறவர்கள் இவர்களே! வேன்காரருக்குப் பாக்கி வைத்தால் நாளைக் காலை வேன் வராது. நகராண்மைக் கழகத்துக்குப் பாக்கி வைத்தால் நாளைக் காலை எதுவும் நடக்காது. ஏழைக் குடும்பம் எதை முதலில் கட்டும்? நானாக இருந்தாலும் வேனுக்குத்தான் கட்டுவேன்.

ஆஸ்ட்ரோவைப் பற்றிக் கேட்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அது மாதக் கட்டணம். சிறுசிறு தொகையாகப் போகிறது. கட்ட முடியாத மாதத்தில் நின்றுவிடுகிறது. கட்டியதும் திரும்ப வருகிறது. வரிச்சீட்டு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாக வருகிறது. கூலிக்காரர் வீட்டில் மொத்தமாக 144 வெள்ளி ஒருநாள் காத்திருக்காது. அதற்குள் யாருக்கேனும் காய்ச்சல் வந்துவிடும்.

தோட்டத்திலிருந்து வந்த தலைமுறைக்கு இந்தச் சீட்டே புதிது என்பதையும் மறக்கலாகாது. லயத்து வீட்டில் தண்ணீரும் விளக்கும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு. வரிச்சீட்டு என்ற ஒன்றைத் தொழிலாளி கண்டதில்லை. பிறகு 25,000 வெள்ளி விலையிலும், 1998க்குப் பிறகு 42,000 வெள்ளி வரையிலுமான மலிவு வீடுகளில் குடியேறினார்கள். அப்பா பெயரில் வீடு. அப்பா காலமாகிப் பத்தாண்டுகள் ஆகியிருக்கும். பெயர் மாற்றவில்லை, அதற்கு வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை. சீட்டு இறந்தவர் பெயருக்கே வந்துகொண்டிருக்கும். அஞ்சல் பெட்டி உடைந்து கிடக்கும் அடுக்குமாடியில் அதுவும் ஒழுங்காக வந்து சேராது. ஒரு தாய் என்னிடம் மடித்து மடித்துக் கிழிந்த கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, “சார், இதில் என்ன எழுதியிருக்கிறது? என் வீட்டுக்காரர் பெயர் போட்டிருக்கிறது, அவர் போய் நான்கு வருடம் ஆகிவிட்டதே” என்றார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது பழக்கமான வேலை. மருத்துவமனைக் கடிதம், வங்கிக் கடிதம், நீதிமன்றக் கடிதம் எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறோம். அந்தக் கடிதம் வாரண்டு.

இனி, அந்த வாரண்டு என்ன செய்யும் என்பதைப் பார்ப்போம். சட்டத்தின் 148ஆம் பிரிவு. மேயரோ மன்றத் தலைவரோ ஜப்தி வாரண்டு பிறப்பிக்கலாம். நிலுவை வைத்தவரின் அசையும் பொருள் எதனையும் கைப்பற்றலாம். இது மட்டுமா? நிலுவையுள்ள அந்த வீட்டில் காணப்படும் அசையும் பொருள், அது யாருக்குச் சொந்தமானதாக இருந்தாலும், கைப்பற்றலாம்! வாரண்டை நிறைவேற்றுபவர் மன்றத்தின் அதிகாரியாக இருக்கலாம். அதற்கென்றே அமர்த்தப்பட்ட வேறு ஆளாகவும் இருக்கலாம். பகல் வேளையில் கதவை உடைத்து உள்ளே நுழையவும் அவருக்கு அதிகாரம் உண்டு. எடுத்த பொருளுக்குப் பட்டியல் போட வேண்டும். ஏழு நாளில் பணம் கட்டாவிட்டால் பொது ஏலம்.

‘யாருக்குச் சொந்தமானதாக இருந்தாலும்’ என்பதை மீண்டும் ஒருமுறை படியுங்கள். பக்கத்து வீட்டுக்காரி பழுதுபார்க்கக் கொடுத்து வைத்த தையல் இயந்திரம், தம்பி விட்டுப்போன மோட்டார் சைக்கிள், வாடகைக்குக் குடியிருப்பவர் தம் காசில் வாங்கிய குளிர்பதனப் பெட்டி ஆகிய எல்லாம் இதில் அடங்கும். வரி வீட்டுக்காரர் கட்ட வேண்டியது. பறிபோவது வாடகைக்காரரின் பொருள்.

இந்த நாட்டில் இதனைவிடப் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. வாடகை பாக்கிக்காக வீட்டு உரிமையாளர் ஜப்தி செய்வதற்கான 1951ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுதியது. அதில்கூட, உரிமையாளர் முதலில் நீதிமன்றம் போய் வாரண்டு கேட்க வேண்டும். வாடகைக்காரருக்கும் அவர் குடும்பத்துக்கும் தேவையான உடுப்பையும் படுக்கையையும் தொடக்கூடாது. கையில் பிடித்து வேலை செய்துகொண்டிருக்கும் கருவியைப் பிடுங்கக்கூடாது. வீட்டு உரிமையாளர் இலாபத்துக்காக வீட்டை வாடகைக்கு விடுபவர். அவருக்கே இத்தனை வேலி. மக்கள் நலனுக்கென்று அமைந்த ஊராட்சி மன்றத்துக்கு ஏன் அந்த வேலி வேண்டாம் என்று, சுதந்திரம் பெற்று 19 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய சட்டத்தில் முடிவு செய்தார்கள்? எனக்கு விளங்கவில்லை.

இந்தச் சட்டமுறைகளுக்கெல்லாம் தாய்வீடான இங்கிலாந்தில் என்ன நிலைமை? அங்கேயும் வீட்டு வரி உண்டு. அங்கேயும் ஜப்திக்காரர்கள் கதவைத் தட்டுகிறார்கள். ஆனால் மன்றம் முதலில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஆணை பெற வேண்டும். 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் பழைய ஜப்தி முறையை ஒழித்துப் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தினார்கள். கடன்பட்டவருக்கு உரிமையுள்ள பொருளை மட்டுமே எடுக்கலாம். சமைக்கும் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், குடும்பத்தார் அமர்ந்து உண்ண மேசை நாற்காலி, படுக்கை ஆகியவற்றை எடுக்கக்கூடாது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளை மட்டும் வீட்டில் தனியாக இருந்தால் கைவைக்கவே கூடாது. வரி பாக்கிக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமென்றால், அவர் வேண்டுமென்றே மறுத்தாரா, கடும் அலட்சியமா, உண்மையிலேயே கையில் இல்லையா என்று நீதிமன்றம் விசாரித்தாக வேண்டும். வேல்ஸ் 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்தச் சிறைத் தண்டனையையே நீக்கிவிட்டது. இங்கிலாந்தைச் சொர்க்கம் என்று நான் கூற வரவில்லை. ஜப்திக்காரர் ஒருமுறை கதவைத் தட்டினால் கடனோடு பெருங்கட்டணம் சேரும் கொடுமை அங்கே உண்டு. அங்குள்ள ஏழைகளும் கதவைத் தாழிட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆயினும் ‘முடியவில்லை’ என்பதும் ‘மாட்டேன்’ என்பதும் வேறு வேறு சொற்கள் என்பதையாவது அந்தச் சட்டம் ஓரிடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

நம் சட்டத்தின் 148ஆம் பிரிவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. பத்துக் கடைவீடுகளை வாங்கிப் பூட்டிப் போட்டுவிட்டு வரிச்சீட்டைக் குப்பையில் எறியும் முதலாளியும், கணவனை இழந்து பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவும் தாயும் அதன் பார்வையில் ஒன்றே. சொல்லப்போனால் ஒன்றுகூட இல்லை. பூட்டிய கடைவீட்டில் தூக்கிச் செல்ல ஒன்றுமே இருக்காது. தாயின் வீட்டில் இருக்கும். பிள்ளைகள் குடியிருக்கும் வீட்டில்தானே சாமான் இருக்கும்!

என்னுடைய சண்டை இங்கேதான் தொடங்குகிறது. வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குப்பை அள்ள வேண்டும், சாக்கடை தூர்வார வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும். கட்ட முடிந்தவர் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டக்கூடியவர் ஏமாற்றினால் கதவை உடைத்தாலும் எனக்கு வருத்தமில்லை. குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் ‘இவரால் கட்ட முடியுமா’ என்ற ஒரே ஒரு கேள்வியைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும் என்கிறேன். அந்தக் கேள்வியைப் பாக்கி கேட்பவரே கேட்டுத் தாமே தீர்ப்பும் சொல்லக்கூடாது என்கிறேன். இன்று பாக்கி கேட்பவரும் மன்றம், வாரண்டில் கையெழுத்திடுபவரும் மன்றத் தலைவர், அதை எடுத்துக்கொண்டு வருபவரும் மன்றத்தின் ஆள். நடுவில் நீதிபதி என்று ஒருவர் இல்லை.

அந்தத் தலைவரை யார் தேர்ந்தெடுத்தார்? நீங்களும் நானும் அல்ல. ஜார்ஜ்டவுனில் 1951ஆம் ஆண்டிலேயே நகராட்சித் தேர்தல் நடந்த நாடு இது. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் யார் தெரியுமா? நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். ஆணையம் 1968இல் முடித்த அறிக்கையில், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அதற்கு மாறாக வந்ததே 1976ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தல் தொடர்பான விதிகள் அனைத்தும் செல்லாதென்று ஒரே வரியில் முடித்துவிட்டது. வாக்குரிமையைப் பறித்த அதே சட்டம்தான் கதவை உடைக்கும் உரிமையையும் கொடுத்தது! ஆதி நாகப்பன் விழா எடுக்கும்போதெல்லாம் அவருடைய பதவிகளைப் பட்டியலிடும் நம் தலைவர்கள், இந்த அறிக்கையைப் பற்றி ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. மாநில அரசு நியமித்த மன்ற உறுப்பினர்களில் நம் கட்சிக்காரர்களும் இருக்கிறார்களே, அவர்கள் மன்றக் கூட்டத்தில் இவ்வாண்டு எத்தனை வீடுகளுக்கு வாரண்டு போனது, அவற்றில் மலிவு வீடுகள் எத்தனை என்று கேட்டிருக்கிறார்களா? பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாயின் நிலுவையைக் கட்டிப் படம் எடுத்துக்கொள்வதோடு அவர்கள் கடமை முடிந்துவிடுகிறது.

தாமதத்தைப் பற்றிப் பேசுவோம். புதிய மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தயாரிக்க வேண்டும் என்கிறது சட்டம். மாநில அரசு அனுமதித்தால் நீட்டிக்கலாம். கோலாலம்பூரில் 1992க்குப் பிறகு 2013வரை, 21 ஆண்டுகள் மறுமதிப்பீடு செய்யவில்லை. 2013இன் இறுதியில் திடீரென்று புதிய மதிப்பீட்டு அறிவிப்புகள் வந்தபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆட்சேபம் குவிந்த பிறகு குடியிருப்பு வீடுகளுக்கான விகிதத்தை 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைத்தார்கள். 21 ஆண்டுகள் தாமதித்த மாநகர் மன்றத்தின் அலுவலகத்திலிருந்து யாராவது ஒரு நாற்காலியைத் தூக்கிச் சென்றார்களா? ஏழை இரண்டாண்டு தாமதித்தால் மட்டும் ஏலம்!

“ஒருவரை விட்டுக்கொடுத்தால் எல்லோரும் கட்டாமல் விட்டுவிடுவார்கள்” என்பது அடுத்த வாதம். மன்றங்கள் விட்டுக்கொடுக்காமலா இருக்கின்றன? நிலுவையை மொத்தமாகக் கட்டினால் அபராதக் கழிவு என்று பல மன்றங்கள் அவ்வப்போது அறிவிக்கின்றன. மொத்தமாகக் கட்டப் பணம் வைத்திருப்பவருக்குக் கழிவு. மாதம் 50 வெள்ளி கட்டுகிறேன் என்று கெஞ்சுபவருக்கு முழு அபராதம். போதாக்குறைக்கு, வரியை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு அதிர்ஷ்டக் குலுக்கல் நடத்தி மோட்டார் சைக்கிள் பரிசளிக்கும் மன்றங்களும் உண்டு. ஒரு வீட்டு வாசலிலிருந்து மோட்டார் சைக்கிளை ஏற்றிச் செல்வது, இன்னொரு வீட்டுக்கு மோட்டார் சைக்கிளை இனாமாகக் கொடுப்பது. என்னே நிருவாகம்!

ஏலத்தால் மன்றத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் யோசியுங்கள். ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய குளிர்பதனப் பெட்டியை ஏலத்தில் எடுப்பவர் எவ்வளவு கொடுப்பார்? லாரிக்கும் ஆளுக்கும் ஆகும் செலவுக்கே அது போதாது. உண்மையில் ஏலத்துக்காக அவர்கள் வருவதில்லை. அண்டை வீட்டார் பார்க்க வேண்டும் என்பதற்காக வருகிறார்கள். அந்த வெட்கத்தைத் தாங்க முடியாமல் அந்தக் குடும்பம் ஏழு நாளுக்குள் எங்கிருந்தாவது பணம் புரட்டும். எங்கிருந்து? வட்டி முதலையிடமிருந்து. பிறகு சிவப்புச் சாயம் யார் கதவில் ஊற்றப்படுகிறது என்பதை நாளேட்டில் படிக்கலாம். அந்த வாரத்தில் அந்தப் பிள்ளை வகுப்பில் எப்படி அமர்ந்திருக்கும் என்பதை நாங்கள் பார்க்கிறோம். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். மேசையே போன வீட்டில் எங்கே அமர்ந்து எழுதும்?

சட்டம் திருந்தும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்காகச் சில சொற்கள். கடிதம் வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். வாரண்டு வருவதற்கு முன் ‘போராங் இ’ என்ற கோரிக்கை அறிவிப்பு வரும். போராடுவதற்கு நல்ல வேளை அதுதான். மன்றத்தின் வருவாய்ப் பிரிவுக்குச் சென்று, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை எழுத்து வடிவில் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். முதல் 50 வெள்ளியை அன்றே கட்டி இரசீது பெற்றுக்கொண்டால் உங்கள் கடிதத்துக்குப் பலம் கூடும். முதியோருக்கும் மலிவு வீடுகளுக்கும் கழிவோ விலக்கோ உண்டா என்று அங்கேயே கேளுங்கள்; இது மாநிலத்துக்கு மாநிலம், மன்றத்துக்கு மன்றம் மாறுபடும். புதிய மதிப்பீட்டு அறிவிப்பு வந்து மதிப்பு அதிகம் என்று தோன்றினால் 142ஆம் பிரிவின்படி ஆட்சேபம் எழுதலாம். மறுஆய்வு நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாகவே அது போய்ச் சேர வேண்டும்.

வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இதனைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வீட்டு உரிமையாளரின் வரி பாக்கிக்காக உங்கள் பொருளை எடுக்க வந்தால், பொருளைக் காப்பாற்ற நீங்களே அந்த நிலுவையைக் கட்டிவிட்டு, கட்டிய தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. இதற்கு மாறாக எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்திருந்தால் மட்டுமே முடியாது. நம்மவர்களில் பலர் வாய்ப்பேச்சில்தான் வீடு வாடகைக்கு எடுக்கிறோம். எழுத்தில்லாதது இந்த ஓரிடத்தில் நமக்கு உதவுகிறது. இரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆள்கள் வந்தே விட்டால், வாரண்டையும் அடையாள அட்டையையும் காட்டச் சொல்லுங்கள். கைகலப்பில் இறங்காதீர்கள், அது வேறு வழக்காகிவிடும். எடுக்கும் ஒவ்வொரு பொருளும் பட்டியலில் இருக்கிறதா என்று சரிபார்த்து, ஒரு படி வாங்கிக்கொள்ளுங்கள். பிறருடைய பொருள் என்றால் அதற்கான இரசீதைக் காட்டி, அதையும் எழுதச் சொல்லுங்கள். அன்றிலிருந்து ஏழு நாள் இருக்கிறது. மறுநாளே உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும், மன்ற உறுப்பினரிடத்துக்கும் அந்தப் பட்டியலோடு போங்கள். மலாயில் கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால், பள்ளிக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் நான் நூலகத்தில் இருப்பேன். பிள்ளையிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டு வாருங்கள்.